பிலாட்டீஸா, யோகாவா, வாக்கிங்கா: மாசமாக இருக்கும்போது காசை எதில் போடுவது?

போன வாரம் சித்தி பெண் வாட்ஸ்அப்பில் மூன்று போஸ்டர் அனுப்பி, "அக்கா, இதுல எதுல சேரட்டும்?" என்று கேட்டாள். முதலாவது, பிஸியோதெரபிஸ்ட் நடத்தும் கர்ப்பகால பிலாட்டீஸ், அதாவது மூச்சோடு சேர்த்து வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளைப் பலப்படுத்துகிற ஒரு உடற்பயிற்சி முறை. இரண்டாவது, ஆன்லைன் யோகா. மூன்றாவதும் பிலாட்டீஸ்தான், ஆனால் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த ஸ்டூடியோவில், கட்டில் மாதிரி இருக்கிற ஒரு மெஷின் மேல் படுத்துச் செய்வது. அவளுக்கு இது 22வது வாரம். வேளச்சேரியில் வீடு, நாள் பூரா லேப்டாப் முன்னால் வேலை, குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கிற அனாமலி ஸ்கேன் முடிந்து எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டது, டாக்டரும் "எக்சர்சைஸ் பண்ணலாம்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். எந்த எக்சர்சைஸ் என்று கேட்க வெளியே இருந்த கூட்டம் விடவில்லையாம்.

நான் இரண்டு பிள்ளை பெற்றவள். முதல் தடவை யோகா வகுப்பு, இரண்டாவது தடவை பிஸியோவிடம் பிலாட்டீஸ். அதனால் அவளுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். அவளுக்கு வாய்ஸ் மெசேஜாகப் பேசியது பதினொரு நிமிஷம் போய்விட்டது, அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிலாட்டீஸ் நல்லதா யோகா நல்லதா என்று யோசித்தால் இந்தக் கேள்விக்கு விடையே வராது. உடம்பில் எங்காவது வலிக்கிறதா, தும்மினால் சிறுநீர் கசிகிறதா, போன பிரசவம் எப்படி ஆயிற்று என்பதை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். எதுவும் இல்லாதவளுக்கும், இரவில் புரண்டு படுக்கவே கண்ணீர் வருகிறவளுக்கும் ஒரே வகுப்பு சரிப்படாது.

எனக்கு முதல் கர்ப்பத்தின்போது எந்தத் தொந்தரவும் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர், மொட்டைமாடியில் ஷெட் போட்டு, எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். மூச்சுப் பயிற்சி, பூனை மாதிரி முதுகை வளைப்பது, பட்டாம்பூச்சி ஆசனம், கடைசியில் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடுவது. நன்றாகவே இருந்தது. உடம்பு எவ்வளவு மாறியது என்று தெரியாது, ஆனால் சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம் எட்டு கர்ப்பிணிகள் உட்கார்ந்து மாமியார் கதையும் மசக்கைக் கதையும் பேசியதற்கே அந்தக் காசு தகும்.

இரண்டாவது தடவை அப்படி இல்லை. 24வது வாரம் தாண்டியதும் முன்பக்கம், அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்புகள் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு வலி. சுடிதார் பேன்ட் போட ஒற்றைக் காலில் நின்றால் சுருக்கென்று குத்தும். பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போய் இறங்கினால் பத்து நிமிஷம் நடக்க முடியாது. பெரியவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினால் கேட்கவே வேண்டாம். அதே மாடி வகுப்புக்கு மறுபடி போனேன், அதே பட்டாம்பூச்சி ஆசனம், இந்தத் தடவை வீட்டுக்கு வந்து கட்டிலில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. டீச்சர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர் எட்டுப் பேருக்கும் பொதுவாகச் சொல்கிறார், எனக்கு மட்டும் காலை அகட்டி உட்காருவது ஆகாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது.

வீட்டில் "ரெண்டாவது பிள்ளைன்னா இப்படித்தான்" என்றார்கள். டாக்டரிடம் சொன்னேன், ரெஸ்ட் எடுங்க என்றார். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருத்திக்கு இந்த இடுப்புவளைய வலி வருகிறது என்பதும், இதற்குச் செய்ய வேலை இருக்கிறது என்பதும் பிஸியோவிடம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த முதல் நாளைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவு முழுக்க அதில்தான் இருக்கிறது. போனதும் உடற்பயிற்சிப் பாயை, அந்த மேட்டை, விரிப்பார் என்று லெகிங்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு தயாராகப் போனேன். அவர் நோட்டை எடுத்தார். எத்தனை வாரம், நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, ஸ்கேன் ரிப்போர்ட் கொண்டுவந்தீர்களா, ரத்தம் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, சுகர் டெஸ்ட் ஆயிற்றா, முதல் குழந்தை நார்மலா சிசேரியனா, தையல் போட்டார்களா, இருமினால் கசிகிறதா, மலச்சிக்கல் உண்டா. கடைசி இரண்டையும் அதுவரைக்கும் என் டாக்டர்கூட என்னிடம் கேட்டதில்லை. அப்புறம் நிற்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நாற்காலியிலிருந்து எழச் சொன்னார்.

பிறகு ஒரு நிமிஷம் மல்லாந்து படுக்க வைத்து, "முட்டிய மடக்காம வலது கால ஒரு ஜாண் தூக்குங்க" என்றார். தூக்கினேன், காலில் அம்மிக்கல்லைக் கட்டினமாதிரி இருந்தது, இடுப்பே ஒருபக்கமாகத் திரும்பிவிட்டது. அவர் என் இடுப்பெலும்பின் இரண்டு பக்கத்திலும் கையை வைத்து உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்போ தூக்குங்க." கால் அப்படியே லேசாக மேலே போனது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நான் கையால பிடிச்ச பிடிய உங்க தசை பிடிக்கணும், அதுக்குத்தான் பயிற்சி" என்றார். அன்றைக்கு உடற்பயிற்சி என்று செய்தது பதினைந்து நிமிஷம் இருக்கும், மீதி எல்லாம் இப்படித்தான். நான் காசு கொடுத்தது இதற்குத்தான் என்று இப்போது சொல்வேன். பிலாட்டீஸ் அப்புறம்தான்.

சரி, பிலாட்டீஸ் என்றால் என்ன? ஜோசப் பிலாட்டீஸ் என்று ஒரு ஜெர்மன்காரர், 1883இல் பிறந்தவர். முதல் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தில் இருந்ததால் பிரிட்டிஷ்காரர்கள் அவரைப் பிடித்து ஐல் ஆஃப் மேன் தீவில் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள், அங்கே இந்த முறையை அவர் வளர்த்தெடுத்தார் என்பார்கள். பின்னால் நியூயார்க்கில் ஸ்டூடியோ வைத்தார், நிறைய நடனக் கலைஞர்கள் அவரிடம் போனார்கள். அவர் தன் முறைக்கு வைத்த பெயர் 'கான்ட்ராலஜி', பிலாட்டீஸ் என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இது கர்ப்பிணிகளுக்காக உண்டானதே இல்லை. அதன் பிரபலமான பயிற்சி 'ஹண்ட்ரட்'. மல்லாந்து படுத்துத் தலையையும் காலையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, கையை நூறு எண்ணும்வரை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். வயிறு பெரிதான பிறகு ஆகாதது அத்தனையும் இந்த ஒன்றில் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் அதிக நேரம் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரலாம், தலையையும் காலையும் தூக்கினால் ஏற்கெனவே நடுவில் விலகிக்கொண்டிருக்கிற வயிற்றுத் தசை கூம்பு மாதிரி புடைத்துக்கொண்டு வரும்.

அதனால் பிஸியோ எனக்குக் கொடுத்ததைப் பார்த்தால் ஜோசப் பிலாட்டீஸே அடையாளம் கண்டுபிடிக்க மாட்டார். நாலு காலில் நின்று எதிரெதிர் கையும் காலும் நீட்டுவது, ஒருக்களித்துப் படுத்து முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்து அழுத்துவது, சுவரில் முதுகை வைத்துக் கொஞ்சமாக உட்கார்ந்து எழுவது, ரப்பர் பட்டையைத் தோளுக்கு இழுப்பது, பந்தின் மேல் உட்கார்ந்து இடுப்பைச் சுழற்றுவது. எல்லாவற்றுக்கும் அடியில் மூச்சு. மூச்சை விடும்போது, சிறுநீரையும் வாயுவையும் ஒன்றாக அடக்குகிற மாதிரி அடியிலிருந்து மேலே இழுக்க வேண்டும், மூச்சை எடுக்கும்போது அந்தப் பிடியை முழுதாகத் தளர்த்திவிட வேண்டும். இந்தத் தளர்த்துகிற பாதியைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. இறுக்கத் தெரிந்து தளர்த்தத் தெரியாவிட்டால் பிரசவ நேரத்தில் அது உதவாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

இப்போது மூன்றாவது போஸ்டருக்கு வருகிறேன், மெஷின் ஸ்டூடியோ. அதன் பெயர் ரிஃபார்மர். சறுக்கும் பலகை, ஸ்பிரிங், கயிறு. படம் எடுத்தால் அழகாக வரும், அதனாலோ என்னவோ இப்போது எங்கே பார்த்தாலும் அதுதான். ஏற்கெனவே இரண்டு வருஷமாக அதைச் செய்துகொண்டிருக்கிறவள், மாசமானதும் பயிற்சியாளரிடம் சொல்லி மாற்றிச் செய்யலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இதுவரை ஏறாதவள் 22வது வாரத்தில், உடம்பின் பாரம் முன்னால் தள்ளி நடையே மாறிக்கொண்டிருக்கிற நேரத்தில், காலடியில் நகருகிற பலகையில் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா? நான் வேண்டாம் என்பேன்.

அப்புறம் ஆள். பிஸியோதெரபி படிப்பு என்பது நம் ஊரில் பயிற்சிக் காலம் சேர்த்து நாலரை வருஷம் என்று இருந்தது. உடற்கூறு, நரம்பு, எலும்பு, நோயாளிகள் எல்லாம் அதில் உண்டு. பிலாட்டீஸ் பயிற்சியாளர் சான்றிதழ் சில வாரத்திலும் கிடைக்கிறது, ஒன்றிரண்டு வருஷம் எடுக்கிற கடுமையான படிப்பாகவும் இருக்கிறது, போஸ்டரில் இரண்டும் ஒரே மாதிரிதான் அச்சாகும். அதற்காக பிஸியோ என்று போர்டு இருந்தால் போதும் என்றும் இல்லை. கிரிக்கெட் ஆடுகிறவனின் தோள்பட்டையையே வாழ்க்கை முழுக்கப் பார்த்தவருக்கு கர்ப்பிணியின் இடுப்பைப் பற்றி அதிகம் தெரியாமல் இருக்கலாம். பெண்கள் நலத்தில் தனியாகப் பயிற்சி எடுத்தவரா என்று போனிலேயே கேட்டுவிடலாம். நல்லவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று என் தம்பி கேட்பான், எல்லாவற்றுக்கும் அதைக் கேட்கிறவன். பிலாட்டீஸ் பற்றிக் கர்ப்பகாலத்தில் வந்திருக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை. ஸ்பெயினில் 105 பேரை வைத்து 2017இல் வந்த ஒன்று, எட்டு வாரம் செய்தவர்களுக்கு ரத்த அழுத்தம், வளைந்துகொடுக்கும் தன்மை எல்லாம் மேம்பட்டதாகவும் சிசேரியன் குறைந்ததாகவும் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நூற்றுச் சொச்சம் பேர். இதை வைத்து "பிலாட்டீஸ் செய்தால் சுகப்பிரசவம்" என்று போஸ்டர் அடிப்பது அநியாயம். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பிரசவம் சிசேரியன். அத்தனைக்கும் காரணம் அம்மாக்கள் மேட்டில் உருளாததுதான் என்றால் யார் நம்புவார்கள்? எந்த வகுப்பாவது சுகப்பிரசவம் உறுதி என்று சொன்னால் அந்த எண்ணை நான் சேமித்துக்கூட வைக்க மாட்டேன்.

உடற்பயிற்சி என்று பொதுவாகப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கர்ப்பகாலத்தில் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கும் இடுப்புவலி வரத்தான் வருகிறது, ஆனால் வலியின் கடுமை குறைகிறது. சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சிக்கு இன்னும் உறுதியான ஆதாரம் உண்டு. கசிவு வருவதற்கு முன்பே, கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே முறையாகச் செய்யத் தொடங்கியவர்களுக்குக் கடைசி மாதங்களில் கசிவு நன்றாகக் குறைகிறது, பிரசவத்துக்குப் பிறகும் சில மாதங்கள் அந்தப் பலன் நிற்கிறது. இந்தப் பயிற்சி பிலாட்டீஸின் சொத்து இல்லை. ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948இல் எழுதிய விஷயம் அது, அதனால்தான் அதைக் கெகல் என்றே சொல்கிறார்கள். எந்த வகுப்பில் வேண்டுமானாலும், வகுப்பே இல்லாமலும் செய்யலாம். சரியாகச் செய்கிறோமா என்பதுதான் சிக்கல், நிறையப் பேர் மேலே இழுப்பதாக நினைத்துக்கொண்டு கீழே தள்ளுகிறார்கள்.

யோகாவுக்கும் இதற்கும் நேரடியாக வைத்துப் பார்த்தால், யோகா ஜெயிக்கிற இடங்கள் நிறைய. மலிவு. தமிழில் சொல்லித்தருகிற ஆள் எந்த ஊரிலும் கிடைப்பார். ராத்திரி தூக்கம் வராமல் பிரசவத்தை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறவளுக்கு அந்த மூச்சும் அமைதியும் பெரிய துணை. வீட்டில் மாமியாரிடம் "யோகா கிளாஸ் போறேன்" என்று சொன்னால் மறுபேச்சு இல்லை, "பிலாட்டீஸ்" என்றால் அது என்ன பலகாரமா என்று கேட்கிறார்கள். தோற்கிற இடம் நான் பட்ட இடம்தான், குறிப்பிட்ட ஒருத்தியின் குறிப்பிட்ட வலி. காலை அகட்டுவது, ஆழமாகக் குந்துவது, ஒற்றைக் காலில் மரம்போல நிற்பது, இந்த மூன்றும் இடுப்பு முன்வலி இருக்கிறவளுக்கு எரிகிற தீயில் எண்ணெய். மூச்சை உள்ளே நிறுத்துகிற பிராணாயாமமும், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதியும் இந்தக் காலத்தில் வேண்டவே வேண்டாம். நல்ல டீச்சர் அதையெல்லாம் தானே விட்டுவிடுவார், ஆன்லைனில் முப்பது சின்னச் சின்னக் கட்டங்களில் முப்பது வயிற்றைப் பார்த்துக்கொண்டு சொல்கிறவருக்கு உன் முகச்சுளிப்பு தெரியாது.

வாக்கிங். இதற்குப் போஸ்டர் கிடையாது, யாருக்கும் வருமானம் இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும், அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு சொல்வதும் ஒன்றுதான்: வாரத்துக்கு 150 நிமிஷம், மிதமான வேகம். மிதம் என்றால் பேசிக்கொண்டே செய்ய முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரம் ஒரு தடவை பிலாட்டீஸ் போனால் அதில் முக்கால்வாசி இந்தக் கணக்கிலேயே சேராது, மூச்சு வாங்கவே வாங்காதே. சுகர் எல்லையில் இருக்கிறவர்களுக்கு நடைதான் முதலில். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140ஐத் தொட்டுவிட்டது என்று ரிப்போர்ட் வந்தவள், சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் கிடைக்கிற பலனை மேட்டில் உருண்டு எதிர்பார்க்க முடியாது. சென்னை மே மாதத்தில் எங்கே நடப்பது என்று கேட்டால், விடியற்காலை ஆறு மணிக்கு, இல்லையென்றால் அடுக்குமாடி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், எனக்கு அதுதான் வாய்த்தது.

யூட்யூப் பற்றி ஒரே வரி: உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல், டாக்டர் சம்மதம் இருந்து, சொல்கிறவர் பிஸியோ என்றால் பரவாயில்லை. நீச்சல்குளம் அருமையான விஷயம், நெஞ்சளவு தண்ணீரில் இடுப்புக்குப் பாரமே தெரியாது, ஆனால் பெண்களுக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்கின, சுத்தமான, படிக்கட்டு வழுக்காத குளம் உன் வீட்டுப் பக்கத்தில் இருந்தால் நீ அதிர்ஷ்டசாலி.

அப்புறம் அம்மாவின் முறை. "நாங்க எந்த கிளாஸுக்குப் போனோம்? குனிஞ்சு வீட்டப் பெருக்கு, கால மடக்கி உக்காந்து காய் நறுக்கு, தன்னால இறங்கும்." அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அசையாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது என்ற பாதி. மீதிப் பாதி எனக்கு ஆகவில்லை. வலி இருந்தபோது வீடு பெருக்கினதில் வலி கூடினதுதான் மிச்சம், ஒரு காலை முன்னால் வைத்து இடுப்பைத் திருகித் திருகிச் செய்கிற வேலை அது. பிஸியோ எனக்குச் சொன்னவை எல்லாம் அதற்கு நேர் எதிர். உட்கார்ந்துகொண்டு பேன்ட் போடுங்கள், மாடி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வையுங்கள், புரண்டு படுக்கும்போது முட்டி இரண்டையும் ஒட்டிக்கொண்டு புரளுங்கள், காரில் ஏறும்போது முதலில் உட்கார்ந்து அப்புறம் இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுங்கள். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து உட்கார்ந்தால் சர்ரென்று திரும்பலாம் என்றார். ஜவுளிக்கடைப் புடவைக் கவர் ஒன்று மூன்று மாசம் எங்கள் காரிலேயே கிடந்தது, வருகிறவர்கள் எல்லாம் யாருக்குப் புடவை என்று கேட்டார்கள். ஒன்பது செஷன் போனேன், முதல் மூன்று வாரத்திலேயே ராத்திரி புரளுவது சுலபமாகிவிட்டது. முழுதாகப் போகவில்லை, பிரசவம் வரைக்கும் மெலிதாக இருந்துகொண்டேதான் இருந்தது. அந்த ஒன்பது செஷனில் என்னை அதிகம் காப்பாற்றியது உடற்பயிற்சியா புடவைக் கவரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

யார் எதுவுமே தொடங்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள், கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டவர்கள், பனிக்குட நீர் கசிகிறவர்கள், ரத்தப்போக்கு இருப்பவர்கள், பிரஷர் ஏறி மருந்தில் இருப்பவர்கள், குறைமாதப் பிரசவ அபாயம் என்று சொல்லப்பட்டவர்கள், இதயத்திலோ நுரையீரலிலோ பிரச்சனை இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் டாக்டர் சொல்கிற வார்த்தைதான் கடைசி. ரத்தசோகை கடுமையாக இருந்தாலும் அப்படித்தான், அதே கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று இருக்கிறது, ஆக இது யாருக்கோ வருவது இல்லை. நடுவில் தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ரத்தமோ தண்ணீரோ போனாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகி வலித்தாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண வேண்டும். செஷனுக்குக் கட்டின காசு போகட்டும்.

காசு என்றதும், எனக்கு அப்போது தனி செஷன் 1,000 ரூபாய், நாலு பேர் குரூப் என்றால் 600. மெஷின் ஸ்டூடியோவில் ஒரு வகுப்புக்கு 1,500 சொன்னார்கள். யோகா மாதம் 2,000, வாரம் மூன்று நாள். இடத்துக்கு இடம் மாறும், ஆனால் ஒன்றுக்கொன்று இருக்கிற இடைவெளி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இதில் நம் ஊர்ப் பெண்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகிறோம்: வளைகாப்பு. ஏழாம் மாசம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், என் தங்கைக்கு அது தேனி. பிஸியோவின் போஸ்டரில் இருப்பதோ 24 செஷன் பேக்கேஜ், மூன்று மாசம் செல்லும், திருப்பித் தர மாட்டார்கள். 22வது வாரத்தில் சேருகிறவள் 28வது வாரத்தில் பஸ் ஏறிவிட்டால் மீதிப் பாதி யாருக்கு? பேக்கேஜ் விற்கிறவர்கள் யாரும் "வளைகாப்பு எப்போ?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

அதனால் அவளுக்கு நான் சொன்னது இது. உனக்கு வலி இல்லை, கசிவு இல்லை, ஸ்கேன் நார்மல், ஆகவே பேக்கேஜ் வேண்டாம். பிஸியோவிடம் தனியாக இரண்டே இரண்டு செஷன் எடு. ஒன்று இப்போது, ஒன்று வளைகாப்புக்குக் கொஞ்சம் முன்னால். அவர் செய்யச் சொல்வதை உன் போனிலேயே உன்னை வைத்து வீடியோ எடுக்கச் சொல், வேறொரு பெண் செய்கிற வீடியோவைவிட அதுதான் தேனியில் உதவும். தினமும் நட. ஆசையாக இருந்தால் அந்த ஆன்லைன் யோகாவில் மாதக் கட்டணமாகச் சேர்ந்துகொள், பிஸியோ வேண்டாம் என்று சொன்ன ஆசனத்தை மட்டும் விட்டுவிடு. மெஷின் ஸ்டூடியோவைக் குழந்தைக்கு ஒரு வயசானதும் பார்த்துக்கொள்ளலாம். மிச்சமாகிற காசில் 2,000 ரூபாயை எடுத்துத் தனியாக வை, பிரசவமாகி ஆறு வாரம் கழித்து பிஸியோவிடம் மறுபடி போவதற்கு. வயிற்றுத் தசை எவ்வளவு விலகி இருக்கிறது, அடித்தசை எப்படி இருக்கிறது என்று அப்போது பார்ப்பதுதான் நம் ஊரில் யாரும் செய்யாதது, பழைய புடவையைக் கிழித்து வயிற்றைக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

உனக்கு வலி இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்றும் சொன்னேன். புரளும்போதோ படி ஏறும்போதோ வலித்தால், முதல் பிரசவத்தில் கிழிசல் பெரிதாக ஆகியிருந்தால், கசிவு தொடங்கியிருந்தால், யோகாக் காசையும் சேர்த்து பிஸியோவிடம் போட்டு வாரம் ஒன்று என்று ஆறு வாரமாவது போ என்றிருப்பேன்.

நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது. முதல் செஷன் போய்விட்டு வந்திருக்கிறாள். "அக்கா, ஒரு மணி நேரத்துல முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டாங்க. கெகல் நல்லா பண்ணுவேன்னு சொன்னேன், ரெண்டு மாசமா வீடியோ பாத்துப் பண்றேன்னு. செஞ்சு காட்டச் சொன்னாங்க. நான் இவ்ளோ நாளா கீழ தள்ளிட்டு இருந்திருக்கேன்."